காரணம் சொல்லாத வழி: சூயஸ் முதல் யோர்தான் வரை

திங்கள், சூயஸ்

கெய்ரோவை விட்டுக் கிழக்கே வந்தால் சூயஸ் கால்வாய். பேருந்து அகமது ஹம்தி சுரங்கப்பாதைக்குள் இறங்கியது. தலைக்கு மேலே கப்பல்கள் போய்க்கொண்டிருக்க, கால்வாய்க்கு அடியில் ஓடி மறுபக்கம் ஏறினோம். ஆப்பிரிக்கா முடிந்தது, சீனாய் தொடங்கிவிட்டது.

எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு மோசேயின் தலைமையில் கானானுக்குப் புறப்பட்ட இஸ்ரவேலரின் வழியைத் தேடி வந்த யாத்திரைக் குழு நாங்கள். இங்கிருந்து தெற்கே திரும்புகிறோம். கானானுக்குப் போக வேண்டியவனுக்கு இது நேர் எதிரான திசை. வடக்கே மத்தியதரைக் கடலை ஒட்டி எகிப்திலிருந்து காசாவுக்கு ஒரு பழைய ராணுவச் சாலை இருந்தது. கர்நாக் கோயில் சுவரில் எகிப்திய மன்னன் முதலாம் சேத்தி அந்தச் சாலையின் கோட்டைகளையும் கிணறுகளையும் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறான். மூன்றாம் துத்மோசின் படை அதில் சுமார் பத்து நாளில் காசாவை அடைந்தது. பிள்ளைகளோடும் ஆடுமாடுகளோடும் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் நாளாகும், அவ்வளவுதான். ஆனாலும் யாத்திராகமம் 13:17 சொல்கிறது: "பெலிஸ்தரின் தேசவழியாய்ப் போவது சமீபமானாலும், தேவன் அவர்களை அந்த வழியாய் நடத்தாமல்" வனாந்தர வழியாய்ச் சுற்றிப் போகப்பண்ணினார். காரணமும் அதே வசனத்தில் இருக்கிறது. யுத்தத்தைக் கண்டால் ஜனங்கள் மனமடிந்து எகிப்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

சின்ன வயதிலிருந்து இந்த வசனத்தை வாசித்திருக்கிறேன். இன்று அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் ஒன்று பட்டது. அந்தக் காரணம் வாசிக்கிற நமக்கு எழுதப்பட்டிருக்கிறது. நடந்தவர்களிடம் அதைச் சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது முன்னே வழிகாட்டிச் சென்ற மேகம் போகிற திசை மட்டும். கிட்டத்து வழி இருக்கும்போது தூரத்து வழியில் ஏன் நடக்கிறோம் என்று ஒரு தகப்பனால் தன் பிள்ளைக்கு விளக்கியிருக்க முடியாது. அடுத்த அதிகாரத்தில் இன்னும் மோசம். திரும்பிப் போய்க் கடலுக்கு முன்னே பாளயமிறங்குங்கள் என்று கட்டளை வருகிறது. பார்ப்பவனுக்கு அது வழி தவறி மாட்டிக்கொண்ட கூட்டம். பார்வோனும் அப்படித்தான் நினைத்தான்.

நம்பிக்கை என்று நாம் எதைச் சொல்கிறோம்? காரணம் புரிந்தபின் சம்மதிப்பதையா? அது நம் சொந்த புத்திக்குக் காட்டுகிற மரியாதை. அதற்குக் கர்த்தர்மேல் விசுவாசம் தேவையில்லை.

செவ்வாய், மாரா முதல் பாரான் வரை

காலையில் ஆயுன் மூசா. பேரீச்ச மரங்கள், பழைய கிணறுகள், உவர்ப்புத் தண்ணீர். தண்ணீர் கசந்ததால் ஜனங்கள் முறுமுறுத்த மாரா இதுதான் என்று சிலர் சொல்கிறார்கள், இன்னும் தெற்கே உள்ள ஐன் ஹவாராதான் என்று வேறு சிலர். அங்கிருந்து வாதி கராந்தல் பள்ளத்தாக்கு. பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்ச மரங்களும் இருந்த ஏலிம் என்று இதைப் பாரம்பரியம் காட்டுகிறது. நீண்ட நேரம் நிற்கவில்லை. கசப்பான தண்ணீருக்கும் ஏலிமுக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரமா என்று எல்லோரும் வியந்தார்கள். முறுமுறுத்த அந்த மூன்றாம் நாளில் அது யாருக்கும் தெரியாது.

மதியம் வாதி பாரான். மொட்டை மலைகளுக்கு நடுவே திடீரென்று கிலோமீட்டர் கணக்கில் பேரீச்சந்தோப்பு. ரெவிதீம் இங்கேதான் என்பது மிகப் பழைய நம்பிக்கை. தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் வாதாடியபோது "கன்மலையை அடி" என்று கர்த்தர் மோசேக்குச் சொன்னார். அவன் அடித்தான், தண்ணீர் வந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்திருங்கள், வெள்ளிக்கிழமை மறுபடியும் வருவேன்.

வண்டியில், வனாந்தரத்தில் வானத்திலிருந்து பெய்த உணவான மன்னாவைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தலைக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளுக்கு வைத்தால் புழுத்து நாறும். ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு, அது கெடாது. எங்களோடு வந்திருக்கிற ஒரு பெரியம்மா சொன்னார்: "சேர்த்து வைக்கிறவன் பேராசைக்காரன்னு சொல்லிடறோம். பேராசை இல்லப்பா, பயம். நாளைக்கு அவர் மறந்துடுவாரோங்கிற பயம்." அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தப் பயத்துக்குக் கர்த்தர் பிரசங்கம் பண்ணவில்லை. தினமும் விடியற்காலையில் எழுந்து பொறுக்கச் சொன்னார். நாற்பது வருஷம், வாரத்தில் ஆறு காலை. நம்பிக்கையை அவர்கள் கைகளுக்குப் பழக்கிக் கொடுத்தது அந்த வேலைதான்.

புதன், சீனாய் மலை

நள்ளிரவுக்குப் பிறகு ஏறத் தொடங்கினோம். ஜெபல் மூசா 2,285 மீட்டர். வேதத்தின் சீனாய் எது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் நான்காம் நூற்றாண்டிலேயே எகேரியா என்ற பெண் யாத்திரிகர் இந்த மலையில் ஏறிக் குறிப்பு எழுதியிருக்கிறார். அடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தை ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டினார். மடத்திலிருந்து துறவிகள் அடுக்கிய 3,750 படிகள் ஒரு பாதை. நாங்கள் சுற்றிப் போகிற ஒட்டகப் பாதையில் போனோம். அதிலும் கடைசியில் சுமார் 750 படிகள் உண்டு.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் ஜெபலியா குலத்துப் பதூயின் பெரியவர். படிகளுக்குச் சற்றுக் கீழே ஒரு கல் குடிசையில் எங்களை உட்கார வைத்துவிட்டார். நேரம் போனது. எங்களுக்குப் பின்னால் வந்த குழு எங்களைத் தாண்டிப் போனது. குழுவில் ஒரு தம்பிக்குப் பொறுக்கவில்லை. "சூரிய உதயம் போயிடும் அண்ணா, நாம ஏறிடலாம்." பெரியவர் தலையை மட்டும் அசைத்தார், காரணம் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவரே எழுந்தார், நாங்களும் எழுந்தோம். உச்சிக்குப் போனபின்தான் புரிந்தது. இடம் குறுகலானது, காற்று எலும்பைத் துளைத்தது. முன்னே போனவர்கள் இருட்டில் வெகுநேரம் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். நாங்கள் போய் நின்ற சிறிது நேரத்தில் கிழக்கு வெளுத்தது.

எண்ணாகமம் 9-ஐ அங்கேயே வாசித்தோம். மேகம் எழும்பினால் புறப்பட வேண்டும், தங்கினால் தங்க வேண்டும். "இரண்டு நாளாவது ஒரு மாதமாவது ஒரு வருஷமாவது" என்கிறது வசனம். எத்தனை நாள் என்று முன்கூட்டி யாருக்கும் அறிவிப்பு இல்லை. இரவிலே எழும்பினாலும் கூடாரத்தைப் பிடுங்க வேண்டும். கீழ்ப்படிதல் என்றாலே புறப்படுவது, துணிந்து இறங்குவது என்று நம் மேடைகளில் பேசுகிறோம். தங்கியிருப்பதும் அதே அளவு கீழ்ப்படிதல். என் அனுபவத்தில் அதுவே கடினமானது. கதவு திறக்காத வருஷங்களில் திறக்காத கதவுக்கு முன்னால் உண்மையாக நடந்துகொள்வதற்குச் சாட்சி நேரத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

இந்த மலையடிவாரத்தில் இஸ்ரவேலர் ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தார்கள். "கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்து, கீழ்ப்படிந்து நடப்போம்" என்று ஒரே சத்தமாய் வாக்குக் கொடுத்ததும் இங்கேதான். அதன் பிறகு மோசே மலையில் நாற்பது நாள் இருந்தான். அவன் இறங்கிவரத் தாமதிக்கிறதை ஜனங்கள் கண்டார்கள், பொன் கன்றுக்குட்டி விக்கிரகம் வந்தது. அந்த நாட்களில் அவர்களை யாரும் துன்புறுத்தவில்லை. பசியும் இல்லை, மன்னா பெய்துகொண்டுதான் இருந்தது. தாமதம் ஒன்றே போதுமாயிருந்தது. அதனால்தான் ஜெபத்துக்குப் பதில் வராத காலங்களில் நம் இருதயத்தை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். விக்கிரகங்கள் பெரும்பாலும் பாவ ஆசையில் பிறப்பதைவிடக் காத்திருக்க முடியாமையில்தான் பிறக்கின்றன.

வியாழன், நுவெய்பா

அகபா வளைகுடாவைக் கடக்கப் படகுக்காகக் காத்திருக்கிறோம். எதிரே சவூதி மலைகள் சிவப்பாகத் தெரிகின்றன.

உபாகமம் 1:2: ஓரேபிலிருந்து, அதாவது சீனாயிலிருந்து, கானானின் எல்லையான காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பிரயாணம். காதேசுக்கு நாங்கள் போகவில்லை, அது எல்லையோரம். ஆனாலும் அதைத் தாண்டிப் பேச முடியாது. கானானை வேவு பார்த்தவர்கள் வந்து சொன்னதைக் கேட்டு ஜனங்கள் அங்கே போக மறுத்தார்கள். வனாந்தரத்தில் நாற்பது வருஷம் என்று தண்டனை அறிவிக்கப்பட்டது. மறுநாள் அதிகாலையில் அதே ஜனங்கள் எழுந்து, நாங்கள் பாவஞ்செய்தோம், இப்போது போகிறோம் என்று மலையுச்சிக்கு ஏறினார்கள். மோசே தடுத்தும் கேட்கவில்லை. ஓர்மா மட்டும் துரத்தி முறியடிக்கப்பட்டார்கள்.

நேற்றுப் போ என்றபோது போகவில்லை, இன்று போகாதே என்றபோது போனார்கள். இரண்டாவது கீழ்ப்படிதல் போலவே தோன்றும், தைரியமும் இருந்தது. ஆனால் இரண்டு நாளும் முடிவெடுத்தது அவர்களே.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். தேவனுக்குக் கீழ்ப்படிவது என்றால், "கர்த்தர் என்னிடம் சொன்னார்" என்று யார் வந்தாலும் தலையாட்டுவது அல்ல. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. கேள்வி கேட்டதற்காக ஒரு விசுவாசியைக் கலகக்காரன் என்று அடக்குகிற ஊழியம், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மேகத்தின் பின்னால் போகவில்லை.

வெள்ளி, வாதி மூசா

பெட்ராவுக்கு வருகிறவர்கள் செந்நிறக் கற்களில் குடைந்த நபத்தேயர் நகரத்தைப் பார்க்க வருகிறார்கள். நாங்களும் பார்த்தோம், அழகுதான். ஆனால் என் மனம் ஊர் நுழைவாயிலில் மூன்று வெண்குமிழ்களுக்கு அடியில் ஓடுகிற ஐன் மூசா ஊற்றிலேயே நின்றுவிட்டது. மோசே கன்மலையை அடித்த இடம் இதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். எண்ணாகமம் 20 அதைக் காதேசில் வைக்கிறது. இடம் எங்கேயாவது இருக்கட்டும். இங்கே தண்ணீரில் கைவைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை வாசிக்கலாம்.

ரெவிதீமில் கட்டளை: அடி. காதேசில் கட்டளை: கோலை எடுத்துக்கொண்டு போ, கன்மலையைப் பார்த்துப் பேசு. மோசே கோலை எடுத்தான், சபையைக் கூட்டினான், இரண்டுதரம் அடித்தான். தண்ணீர் வராமல் இல்லை, ஏராளமாய்ப் புறப்பட்டது. ஜனங்கள் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றிகரமான ஊழியம்.

கர்த்தர் அதற்கு வைத்த பெயர்தான் என்னை உலுக்குகிறது. நீங்கள் கோபப்பட்டீர்கள் என்றோ, சொன்னதை மாற்றிச் செய்தீர்கள் என்றோ அந்த 12-ஆம் வசனத்தில் தொடங்கவில்லை. "நீங்கள் என்னை விசுவாசியாமற்போனபடியினால்" என்கிறார், அதனால் ஜனங்களை அந்தத் தேசத்துக்குள் கொண்டுபோவது நீங்கள் அல்ல என்கிறார். எகிப்தையே நடுங்க வைத்த மனிதனைப் பார்த்து அவிசுவாசம் என்கிறார்! கீழ்ப்படியாமையை நாம் ஒழுக்கப் பிரச்சினையாக, பலவீனமாக, முன்கோபமாகப் பார்க்கிறோம். அவர் அதன் வேரைத் தொடுகிறார். பேசினால் போதும் என்று அவர் சொன்னதை மோசேயால் அந்த நேரத்தில் நம்ப முடியவில்லை. முன்பு பலித்த முறை கையில் இருந்தது, அதன்மேல் சாய்ந்துவிட்டான். விசுவாசமும் கீழ்ப்படிதலும் வேறு வேறு பாடங்கள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

போன வருஷம் கர்த்தர் நடத்திய விதத்தை இந்த வருஷத்துக்குச் சூத்திரமாக்குகிறோம். அவர் அப்போது அப்படிச் செய்தார், ஆகையால் இப்போதும் அதே கோல், அதே இடத்தில் அடி. பலன் வந்தாலும்கூட அது அவரைக் கேட்டு நடப்பதாகிவிடாது.

தென்மேற்கே ஒரு மலையுச்சியில் சின்ன வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. ஜெபல் ஹாரூன், மோசேயின் அண்ணன் ஆரோனின் கல்லறை என்று மதிக்கப்படுகிற இடம். அவன் மரணமும் அதே இருபதாம் அதிகாரத்தில்தான்.

சனி, ராஜபாதை

"ராஜபாதை வழியாகவே நடந்துபோவோம்" என்று மோசே ஏதோம் ராஜாவிடம் கேட்டும் கிடைக்காத பாதை. அதன் தடத்தில் போகிற இன்றைய சாலையில் வடக்கே வந்தோம். வழி மறுக்கப்பட்டதால் அவர்கள் மறுபடியும் சுற்றினார்கள், "வழியினிமித்தம் ஜனங்கள் மனமடிவடைந்தார்கள்" என்கிறது எண்ணாகமம் 21. அந்தச் சோர்வை நான் குறைவாக மதிக்க மாட்டேன். வாதி அல்-ஹசா என்ற பெரும் பள்ளத்தாக்கைக் கடந்தபோது போதகர் ஐயா வண்டியை நிறுத்தச் சொன்னார். சேரேத் ஆறு இதுதான் என்று கருதப்படுகிறது. காதேசை விட்டு இந்த ஆற்றைக் கடக்கும்வரை முப்பத்தெட்டு வருஷம் என்கிறது உபாகமம் 2:14. ஒரு தலைமுறை முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கிப்போனது.

சீனாயில் அவசரப்பட்ட அந்தத் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் ஒரு வேலை வாய்ப்பு. போகலாமா, வேண்டாமா? மாதக்கணக்கில் ஜெபிக்கிறார். "கர்த்தருடைய சித்தத்தை எப்படி அண்ணா கண்டுபிடிக்கிறது? உபவாசம் இருந்தும் பார்த்துட்டேன், ஒரு பதிலும் வரல."

உபாகமம் 29:29-ஐ எடுத்துக் கொடுத்தேன். மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவை. வெளிப்படுத்தப்பட்டவைகளோ, செய்யும்படிக்கு நமக்கு உரியவை. மோவாப் தேசத்தில், நாங்கள் போய்க்கொண்டிருந்த இதே நாட்டில், மோசே சொன்ன வார்த்தை. "தெரியாத விஷயத்துல பதில் கேக்கறீங்க தம்பி. தெரிஞ்ச விஷயத்துல எதாவது பாக்கி இருக்கா?"

வெகுநேரம் அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தன் கூடப்பிறந்த அண்ணனைப் பற்றிச் சொன்னார். சொத்துப் பிரிவினையில் வந்த சண்டை, பேச்சே நின்றுவிட்டது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5:24 அவருக்கே மனப்பாடம்.

நம்மில் அநேகருக்கு இப்படித்தான். மறைவானதைத் துருவிக்கொண்டே, வெளிப்பட்டதை விட்டுவிடுகிறோம். மன்னிப்பு, கடன் திருப்புதல், உண்மை பேசுதல், தனிமையில் இருக்கிறவர்களைப் போய்ப் பார்த்தல், இவற்றுக்குத் தரிசனம் தேவையில்லை.

ஞாயிறு, நேபோ

மலை உச்சியில் ஆராதனை. பிரான்சிஸ்கன் துறவிகள் பராமரிக்கிற ஆலயம். தரையில் ஆறாம் நூற்றாண்டுச் சித்திரக் கற்பதிப்புகள். வெளியே இத்தாலியச் சிற்பி ஜியோவானி ஃபான்டோனி செய்த வெண்கலச் சர்ப்பம் சிலுவை வடிவில் நிற்கிறது. கீழே சவக்கடல், அதற்கு வடக்கே யோர்தான் பள்ளத்தாக்கு, அப்பால் எரிகோ.

மோசேயின் ஜெபத்தை அங்கே வாசிக்க எனக்குத் தொண்டை அடைத்தது. "நான் கடந்துபோய் யோர்தானுக்கு அப்புறத்திலுள்ள அந்த நல்ல தேசத்தைப் பார்க்கும்படி" என்று கெஞ்சுகிறான். பதில் உபாகமம் 3:26: போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம். தேவனோடு முகமுகமாய்ப் பேசினவனுக்குக் கிடைத்த பதில் இது. ஆகையால், ஜெபம் கேட்கப்படாவிட்டால் விசுவாசம் குறைவு என்று துக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்கிறவர்கள் தயவுசெய்து இந்த மலையில் ஏறி வந்து சொல்லட்டும்.

அதன்பின் மோசே என்ன செய்தான் என்பதுதான் எனக்கு வேண்டும். அவன் முகம் திருப்பிக்கொண்டு போய் உட்காரவில்லை. தனக்குப் பின் ஜனங்களை நடத்தப்போகிற யோசுவாவுக்குக் கட்டளை கொடுத்து அவனைத் திடப்படுத்தினான். தான் போகாத தேசத்தில் மற்றவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று நீண்ட பிரசங்கம் பண்ணினான். ஒரு பாட்டு கற்றுக்கொடுத்தான். கோத்திரம் கோத்திரமாய் ஆசீர்வதித்தான். பிறகு ஏறச் சொன்ன மலையில் ஏறினான். காதேசில் தவறிய மனிதன் இங்கே, இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, முழுவதுமாகக் கீழ்ப்படிகிறான். மறுரூப மலையில் கர்த்தராகிய இயேசுவோடு அவன் தேசத்துக்குள் நின்றதை நினைத்து நாம் ஆறுதலடைகிறோம், சரிதான். ஆனால் நேபோவில் ஏறும்போது அவனுக்கு அது தெரியாது.

திங்கள், யோர்தான்

அல்-மக்தாஸ். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடம் என்று 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆறு சில மீட்டர் அகலம்தான். மேலே அணைகளும் கால்வாய்களும் தண்ணீரை எடுத்துக்கொள்கின்றன. எங்கள் பயணம் இந்தக் கரையோடு முடிகிறது, அக்கரைக்குப் போகவில்லை.

யோசுவாவின் நாளில் இது அறுப்புக்காலம், யோர்தான் கரைபுரண்டு ஓடியது. உடன்படிக்கைப் பெட்டிக்கும் ஜனங்களுக்கும் நடுவே இரண்டாயிரம் முழம் இடைவெளி விடச் சொன்னான், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முன்பு நடந்திராத வழி என்பதால் எல்லோருக்கும் பெட்டி தெரிய வேண்டும். செங்கடலில் முதலில் தண்ணீர் பிளந்தது, பிறகு நடந்தார்கள். இங்கே ஆசாரியரின் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்டபின்தான் தண்ணீர் நின்றது. நாற்பது வருஷம் மேகத்தின் பின்னே நடந்தவர்களின் பிள்ளைகளிடம் இப்போது கூடுதலாக எதிர்பார்க்கப்பட்டது.

ஆனால் இந்த ஆற்றங்கரையில் யோசுவாவோடு நிறுத்த முடியாது. பாவமில்லாதவராகிய இயேசு மனந்திரும்புதலின் ஞானஸ்நானத்துக்கு வந்து நின்றது இங்கேதான். யோவானுக்கே புரியவில்லை. "இப்பொழுது இடங்கொடு" என்று மட்டும் சொன்னார். உடனே ஆவியானவர் அவரை வனாந்தரத்துக்குக் கொண்டுபோனார், நாற்பது நாள் பசி. சோதனைக்காரனுக்கு அவர் கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்தின் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. இந்தக் கரைக்கு மேலே, மோவாபில், அந்த நாற்பது வருஷத்தை நினைவுபடுத்தி மோசே பேசிய வார்த்தைகள் அவை. அப்பத்தில், தண்ணீருக்காக வாதாடிய மாசாவில், வேறே தேவர்களிடத்தில், இஸ்ரவேல் எங்கெல்லாம் விழுந்ததோ அங்கெல்லாம் அவர் நின்றார். நம் கீழ்ப்படிதல் அவர் கீழ்ப்படிதலில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. நான் கீழ்ப்படிந்தேன், ஆகையால் நீர் ஆசீர்வதிக்க வேண்டும் என்று கணக்கு நீட்டுகிறவன் இன்னும் அவரை நம்பத் தொடங்கவில்லை. குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டவர் நம்மை நடத்துகிறார். வழியின் காரணம் தெரியாவிட்டாலும் நடத்துகிறவரின் கைகளை நமக்குத் தெரியும், ஆணி பாய்ந்த தழும்போடு.

பெரியம்மா உபாகமம் 8-ஐச் சத்தமாக வாசித்தார். "உன்மேலிருந்த வஸ்திரம் பழையதாய்ப் போகவும் இல்லை, உன் கால் வீங்கவும் இல்லை" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் ஒருமுறை வாசித்தார்.

இரவு அம்மானில் தங்கல், விடிந்தால் விமானம். சாப்பாட்டு மேசையில் அந்தத் தம்பி என்னிடம் வந்தார். வேலை விஷயத்தில் இன்னும் ஒன்றும் தெளியவில்லையாம். "அண்ணனுக்குப் போன் பண்ணேன், எடுக்கலை. நாளைக்கு மறுபடியும் பண்றேன்" என்றார்.